ஷெல்ஃபில் ஒரே ஒரு எஃப்1 கார்: 2009, 2014, 2017, 2022 – எந்த ஆண்டு?

"ஏனுங்ணா, ஒரே ஒரு எஃப்1 மாடல் வாங்கலாம்னு இருக்கறனுங். ரூல் மாறுன வருசத்துக் காரா இருக்கோணும். எதை வாங்கறதுங்?" எஃப்1 என்கிற ஃபார்முலா 1 பந்தயக் காரின் சிறிய மாடலைப் பற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து இந்தக் கேள்வி விடாமல் வருகிறது. கேட்பவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. சமீபத்தில் பார்க்க ஆரம்பித்த தம்பிகளுக்கு 2022 கார்தான் எஃப்1 கார். கோவைக்கார எஃப்1 டிரைவர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய காலத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கோ, அதற்குப் பிறகு வந்த கார்களெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அசிங்கம்.

எந்த அணி, எந்த டிரைவர் என்பது உங்கள் பாடு. இங்கே ஆண்டைப் பற்றி மட்டும் பேசுவோம். காற்றியக்க விதிகள் (காரின் மேலும் கீழும் காற்று ஓடும் விதத்தைக் கட்டுப்படுத்துபவை) பெரிய அளவில் மாறி, ரசிகர்கள் கொதித்தோ கொண்டாடியோ தீர்த்த நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பாசக்காரர்களுக்காக 2005, பொறுத்திருந்து வாங்கலாம் என்பவர்களுக்காக 2026, இரண்டும் கடைசியில்.

எதை வைத்து எடை போடுவது

முதல் நாள் வசவை அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் பிப்ரவரியில் "எஃப்1 செத்துப்போச்சு" என்பார்கள், ஜூன் மாதத்தில் அதே காரை போன் வால்பேப்பராக வைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த வசவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, காரின் அளவு விகிதம் மாறியதால் வரும் அதிர்ச்சி. அகலம், உயரம், டயர் பருமன் மாறினால் கண் பழகச் சில பந்தயங்கள் போதும். இன்னொன்று, விதிக்காக ஒட்டவைத்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும் உறுப்பைப் பார்த்து வரும் எரிச்சல். அது எத்தனை வருடம் போனாலும் தீராது. நான்கு ஆண்டுகளையும் இந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்க்கப் போகிறேன்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, 2018-இல் வந்த ஹாலோ. டிரைவரின் தலைக்கு முன்னால் நிற்கும் அந்த டைட்டானியம் வளையத்தைச் செருப்பு வார் என்று கேலி செய்யாத ரசிகரே கிடையாது. 2020 பஹ்ரைனில் ரோமான் குரோஜானின் கார் தடுப்புக் கம்பியைப் பிளந்துகொண்டு போய்த் தீப்பிடித்தது. அவர் உயிரோடு வெளியே வந்த பிறகு கேலி அடங்கிவிட்டது. காரணம் கண்ணெதிரே தெரிந்தால் ஒட்டுப்போட்ட உறுப்பையும் மனசு ஏற்றுக்கொள்கிறது.

மற்ற அளவுகோல்கள் மூன்று. விதி மாற்றம் ஷெல்ஃபில் பார்த்தவுடன் கண்ணில் படுகிறதா? அந்தக் கார் டிராக்கில் என்ன செய்தது? மாடலாக வாங்கினால் தாங்குமா, கிடைக்குமா?

| ஆண்டு | மாறியது | முதல் நாள் பேச்சு | இன்றைய பேச்சு | ஷெல்ஃபில் |
|---|---|---|---|---|
| 2009 | அகன்ற முன் விங் (காரைத் தரையோடு அழுத்தும் காற்றுத் தகடு), ஒடுங்கி உயர்ந்த பின் விங், சுத்தமான உடல் | "பனி தள்ளும் வண்டி" | பிரான் அணி என்றால் மரியாதை | விதி உடனே தெரியும், உடையும் பாகம் குறைவு |
| 2014 | தாழ்ந்த மூக்கு, வி6 டர்போ ஹைபிரிட் | "எறும்புதின்னி" | இன்னும் அதே பேச்சுதான் | பேச்சுக்கு நல்ல பொருள், அழகுக்கு அல்ல |
| 2017 | 2 மீட்டர் அகலம், பருத்த டயர் | கைதட்டல், கூடவே துடுப்புக்குத் திட்டு | தோற்றத்துக்குப் பாராட்டு, பந்தயத்துக்கு இல்லை | கம்பீரம், ஆனால் ஒடியும் |
| 2022 | தரை விளைவு, 18 அங்குல வீல் | பெரும்பாலும் வரவேற்பு | அணிக்கு அணி மாறும் | முக்கியமான பகுதி அடியில் ஒளிந்திருக்கும் |

2009: திட்டு வாங்கி ஜெயித்த ஆண்டு

2008 கார்களின் படத்தை எடுத்துப் பாருங்கள். உடல் முழுக்கக் குட்டி விங்குகள், கொம்புகள், துடுப்புகள். ஒவ்வொன்றும் காற்றைத் தன் காருக்குச் சாதகமாகத் திருப்பிவிட, பின்னால் வரும் காருக்குக் கலங்கிய காற்றே மிஞ்சியது. நெருங்கிப் போகவே முடியாதபோது எப்படி முந்துவது? இதை ஆராயத் தனிக்குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி 2009 விதிகள் வந்தன. முன் விங்கின் அகலம் 1400 மில்லிமீட்டரிலிருந்து 1800 ஆனது. பின் விங் 1000-லிருந்து 750 ஆகச் சுருங்கி உயரே போனது. உடலிலிருந்த துக்கடாக்கள் எல்லாம் போயின. 1998 முதல் கோடு போட்ட டயரில் ஓடிய கார்களுக்கு வழுவழுப்பான ஸ்லிக் டயர் திரும்பக் கிடைத்தது.

பார்க்க எப்படி இருந்தது? முன்னால் அகலம், பின்னால் குறுகல். வெளிநாட்டு ரசிகர்கள் பனி தள்ளும் வண்டி என்றார்கள். வசவு முழுக்க அளவு விகிதத்தைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள். சீசன் முடிவதற்குள் அது கரைந்துபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதன் பிறகு 2008 காரைப் பார்த்தால் முள்செடி மாதிரி இருக்கிறதென்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான்.

கரைத்ததில் பெரும்பங்கு பிரான் காருக்கு. 2008 டிசம்பரில் ஹோண்டா எஃப்1-ஐ விட்டு விலகியது. அணியை அதன் தலைவர் ராஸ் பிரான் எடுத்துக்கொண்டார், காரில் மெர்சிடீஸ் எஞ்சின் ஏறியது. வெள்ளை உடல், ஒளிரும் மஞ்சள் கோடு, ஸ்பான்சர் பெயரே இல்லாத வெற்றிடம் என்று சோதனை ஓட்டத்துக்கு வந்து நின்ற கார், முதல் ஏழு பந்தயங்களில் ஆறை டிரைவர் ஜென்சன் பட்டனுக்கு வாங்கிக் கொடுத்தது. சூட்சுமம் இரட்டை டிஃப்யூசர். காரின் பின்னடியில் காற்று வெளியேறும் வாய்க்கு மேலே, விதியின் சந்தில் புகுந்து, இன்னொரு வாய். டொயோட்டாவும் வில்லியம்ஸும் அதையே வைத்திருந்தன. மற்ற அணிகள் முறையிட்டன, ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் செல்லும் என்றது. அந்த ஆண்டு டிரைவர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் பிரானுக்கே. ஒரே ஒரு சீசன் வாழ்ந்த அணி அது, பிறகு மெர்சிடீஸ் வாங்கிவிட்டது.

மாடலாக இது சமர்த்தான கார். 1:18 அளவில் (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு) முன் விங் 10 செ.மீ., பின் விங் 4 செ.மீ. சொச்சம். வீட்டுக்கு வரும் மாமாவுக்குக்கூட ஏதோ மாறியிருப்பது புரியும். உடல் சுத்தமாக இருப்பதால் ஒடிவதற்கு அதிகமில்லை, முன் விங்கின் ஓரத்தகடு மட்டும் பத்திரம். காரை நேராக வைத்தால் கதையின் பாதி மறைந்துவிடும். பின்பக்கம் கொஞ்சம் தெரியும்படி சாய்த்து வையுங்கள், டிஃப்யூசர் தெரியட்டும்.

குறை, கிடைப்பது. மலிவு ரகக்காரர்கள் இப்போது ஓடும் அணிகளைத்தான் அதிகம் போடுகிறார்கள். பிரானுக்குச் சேகரிப்பாளர் ரகம் அல்லது பழைய சந்தை. பெட்டி கிழிந்திருந்தால் விலை பேசுங்கள், டீக்கல் (ஒட்டுப்படம்) உரிந்திருந்தால் வேண்டாம். ஸ்பான்சர் இல்லாத சோதனை வண்ணமா, விர்ஜின் பெயர் வந்த பந்தய வண்ணமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வெற்று வெள்ளைதான் பிடிக்கும்.

2014: மூக்கு

இந்த ஆண்டுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. விதிக்குக் காரணம் நியாயமானது. உயர்ந்த மூக்கு எதிர்க்காரின் டயரில் ஏறினால் கார் பறக்கும், பக்கவாட்டில் மோதினால் டிரைவரின் தலைக்கு ஆபத்து. அதனால் மூக்கின் நுனியை 185 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கச் சொன்னார்கள். பொறியாளர்களுக்கோ மூக்குக்கு அடியில் காற்று போக இடம் வேண்டும். நுனியை மட்டும் விரல் மாதிரி கீழே நீட்டி விதியைத் தீர்த்துக்கொண்டு, மீதியை உயரத்திலேயே விட்டார்கள். எறும்புதின்னி என்பது கிடைத்த பட்டப்பெயர்களிலேயே மரியாதையானது. மற்றவற்றை இங்கே எழுத முடியாது.

லோட்டஸ் ஈ22-வின் முன்னால் ஒன்றுக்கொன்று நீளம் வேறான இரண்டு கொம்புகள். கேட்டர்ஹாம் சிடி05 பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அடுத்த ஆண்டே மூக்கு விதியைத் திருத்தினார்கள் என்றால் சங்கடம் ரசிகர்களோடு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த ஆண்டுக் கோபத்தில் பாதி, கண்ணால் வந்ததல்ல, காதால் வந்தது. நிமிடத்துக்கு 18,000 சுற்றில் அலறிய வி8 எஞ்சின் போய், 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. ஷெல்ஃபில் இருக்கும் மாடல் சத்தம் போடாது, அந்த மட்டில் 2014-க்கு லாபம்.

வாங்குகிறவருக்கு இங்கே ஒரு முரண் இருக்கிறது. 19 பந்தயங்களில் 16-ஐ வென்ற மெர்சிடீஸ் டபிள்யூ05-இன் மூக்கு அடக்கமானது. அதை வாங்கினால் வென்ற கார் கிடைக்கும், ஆண்டின் அடையாளம் கிடைக்காது. லோட்டஸ் வாங்கினால் அடையாளம் கிடைக்கும், ஆனால் அந்த அணி வருடம் முழுக்க எடுத்தது 10 புள்ளி. வீட்டுக்கு வரும் நண்பர்களை அரை மணி நேரம் சண்டை போட வைக்க ஆசையென்றால் லோட்டஸ். இல்லையென்றால் இந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடலாம்.

2017: அழகு வந்தது, முந்தல் போனது

ரசிகர்கள் கேட்டதை அப்படியே கொடுத்த அபூர்வமான ஆண்டு. கார் அகலம் 1800-லிருந்து 2000 மில்லிமீட்டர். முன் டயரின் அகலம் 305 மில்லிமீட்டர், பின் டயர் 405. பின் விங் தாழ்ந்து அகன்றது, முன் விங் அம்பு போலப் பின்னோக்கி வளைந்தது. தொண்ணூறுகளின் கம்பீரம் திரும்பியது என்று பழைய ஆட்கள்கூட ஒத்துக்கொண்டார்கள்.

விதி எழுதியவர்கள் எஞ்சின் மூடிக்கு மேலே கொஞ்சம் வெற்றிடத்தை மறந்து விட்டுவிட்டார்கள். அணிகள் சும்மா இருக்குமா? சுறாத் துடுப்பும் அதன் பின்னால் துணி காயவைக்கும் கம்பி போல டி-விங்கும் முளைத்தன. ஒட்டவைத்த உறுப்பு, வசவு அதற்கு மட்டும் விழுந்தது. 2018-இல் இரண்டையும் அந்த வடிவில் ஓடவிடவில்லை. இதற்கிடையே 2017 பஹ்ரைன் பயிற்சியில் பொட்டாஸின் மெர்சிடீஸிலிருந்து டி-விங் கழன்று விழுந்ததும் நடந்தது.

மாடலிலும் முதலில் ஒடிவது அதுதான். கூரியரில் வந்து சேரும்போதே ஒடிந்திருப்பதும் உண்டு. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவைப்பது நல்லது.

டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) ஏறியதால் லேப் நேரம், அதாவது ஒரு சுற்றை முடிக்கும் நேரம், குறைந்தது. பின்னால் கலங்கும் காற்றும் ஏறியது, முந்தல்கள் கணிசமாகக் குறைந்தன. தூரத்திலிருந்து பார்க்க அழகு போதும் என்பவர்களுக்கு இந்த ஆண்டு சரி. 1:18-இல் 11 செ.மீ. அகலத்தில், தாழ்ந்து பரந்து உட்கார்ந்திருக்கும் இதன் பக்கத்தில் 2009 கார் ஒல்லிப்பிச்சானாகத் தெரியும்.

2022: அடியில் இருக்கிறது விஷயம்

கோயமுத்தூர்க்காரருக்கு இந்த விதியைப் புரியவைப்பது சுலபம். ஜெட் பம்பு வேலை செய்யும் விதம் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்த மாதிரிதான். வழி ஒடுங்குகிற இடத்தில் ஓட்டம் வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைந்த அழுத்தம் இழுக்கும். பம்பில் தண்ணீரை மேலே இழுக்கிறது. 2022 காரின் அடியில் செதுக்கிய இரண்டு குகைவழிகளில் ஓடும் காற்று, காரையே தரையோடு இழுக்கிறது. எழுபதுகளின் கடைசியில் லோட்டஸ் செய்துகாட்டி, 1983-இல் தட்டையான அடித்தளம் கட்டாயமானதும் போய்விட்ட அதே வித்தை, பெயர் தரை விளைவு.

திரும்பக் கொண்டுவந்ததற்குக் காரணம் மறுபடியும் பின்னால் வரும் கார்தான். முந்தைய கார் 20 மீட்டர் பின்னால் வந்தால் டவுன்ஃபோர்ஸில் 35 சதவீதத்தை இழக்கும், புதியது 4 சதவீதம். 10 மீட்டரில் பழையது 46 சதவீதம், புதியது 18. எஃப்1 நிர்வாகம் அறிமுகத்தின்போது சொன்ன கணக்கு இது. அணிகள் கைவைத்த பிறகு இந்த எண் அப்படியே நிற்காது என்பது பழைய ரசிகருக்குத் தெரியும். ஆனாலும் முதல் வருடம் கார்கள் ஒட்டி ஓடியதை யாரும் மறுக்கவில்லை.

தோற்றத்துக்கும் வரவேற்புதான். 18 அங்குல வீல், வளைந்து மடியும் பின் விங், உடலோடு ஓடும் கோடுகள். ஃபெராரி எஃப்1-75 அறிமுகமான நாளில் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. மெர்சிடீஸ் டபிள்யூ13 வேறு கதை. பார்சிலோனாவில் சாதாரண சைட்பாடோடு (பக்கவாட்டில் புடைத்திருக்கும் பகுதி) ஓடியது, பஹ்ரைன் சோதனையில் சைட்பாடே இல்லாத மாதிரி ஒடுங்கி வந்து எல்லோரையும் வாயடைக்க வைத்தது. நேர்ச்சாலையில் தவளை போலக் குதித்தபோது அந்த வியப்பு பரிதாபமானது. ஒரு வெற்றியோடு வருடம் முடிந்தது. ரெட் புல் அணியோ 22 பந்தயங்களில் 17-ஐ வென்றது.

ஷெல்ஃப் விஷயத்தில் இந்தக் காருக்குத்தான் யோசனை அதிகம் வேண்டும். விதியின் உயிர் அடித்தளத்தில் இருக்கிறது, மேஜையில் வைத்தால் அது தெரியாது. மலிவு ரக மாடல்கள் பலவற்றில் அடிப்பகுதி வெறும் தட்டைப் பிளாஸ்டிக், நடுவில் ஒரு திருகு. பின்னாலிருந்து டிஃப்யூசர் வாய் மட்டும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அடியையும் செதுக்கிய சேகரிப்பாளர் ரகம் வாங்கினால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வெட்டி, அதன் மேல் வையுங்கள். நீளத்தையும் கணக்கில் எடுங்கள். கார் ஐந்தரை மீட்டர், 1:18-இல் 30 செ.மீ.க்கு மேல், ஆழம் குறைந்த புத்தக ஷெல்ஃபில் நீளவாக்கில்தான் நிற்கும். இடம் இல்லையென்றால் 1:43 எடுங்கள். 13 செ.மீ.க்குள் அடங்கும், புராகோ ரகத்தில் விலையும் மலிவு. பள்ளிப் பிள்ளைக்கு முதல் கார் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உடைந்தாலும் மனசு உடையாது.

எடைக்கும் காற்றுக்கும் உள்ள பேரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசையென்றால், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் நடக்கும்போது போய்ப் பாருங்கள். கல்லூரி அணிகளிடம் "விங் வைக்கறது நல்லதுங்களா, வைக்காததுங்களா" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய கரிவரதனின் பெயரில் உள்ள அந்த டிராக்கில், காரின் அழகைப் பற்றிய பேச்சு எப்போதும் "இதை எதுல செஞ்சீங்க" என்றுதான் ஆரம்பிக்கும்.

பில்லில் வராத செலவு

வெளிநாட்டுத் தளத்தில் விலை பார்த்து ஆசைப்படாதீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. சிறிய அளவு மாடல்களும் அதே தலைப்பின் கீழ்தான் வரும். ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொண்டு, கூரியர் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

அக்ரிலிக் பெட்டி ஆடம்பரம் அல்ல. திருப்பூர் வீட்டில் பஞ்சுத் துகள் எங்கும் புகும். 2017 காரின் சைட்பாட் முன்னால் உள்ள தகடுகளுக்கிடையே படிந்தால் பிரஷ் வைத்தும் எடுக்க முடியாது, 2009 காரைத் துடைப்பது எளிது. போர்டு கடையில் அக்ரிலிக் ஷீட் வெட்டி ஒட்டித் தருவார்கள், ரெடிமேடைவிட மலிவு.

மேற்கு ஜன்னல் வெயில் சிவப்பு, ஆரஞ்சு டீக்கலை வெளுக்கும். ஒடிந்த விங்கை ஃபெவிக்விக்கால் ஒட்டினால் சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும், கறுப்புப் பகுதியில் அசிங்கமாகத் தெரியும். எபாக்சி மெதுவாகக் காய்ந்தாலும் படலம் வராது.

உள்ளூர்ப் பாசம்: 2005 ஜோர்டான்

விதிக் கணக்கில் 2005-ம் மாற்ற ஆண்டுதான். முன் விங் 50 மில்லிமீட்டர் உயர்ந்தது, பின் விங் முன்னுக்கு நகர்ந்தது, டிஃப்யூசர் சிறுத்தது. தோற்றத்தைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, போடும் அளவுக்குத் தெரியவுமில்லை. ஆனால் மஞ்சள் ஜோர்டான் ஈஜே15-இல் உட்கார்ந்திருந்தவர் நரேன். இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் அணிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். "ஆறு பேர்தானே ஓடுனாங்க" என்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. விதி மாற்றத்தைக் காட்டும் காராக இதற்கு மதிப்பெண் குறைவு. நம்ம ஊர்க்காரர் ஓட்டிய கார் என்பதுதான் உங்களுக்கு முதல் காரணம் என்றால், மேலே எழுதிய நான்கையும் மறந்துவிட்டு இதையே தேடுங்கள்.

2026-க்குக் காத்திருக்கலாமா

விதிப்படி வீல்பேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) உச்ச அளவு 3600-லிருந்து 3400 மில்லிமீட்டராகவும், அகலம் 2000-லிருந்து 1900 ஆகவும் இறங்கின, டயரும் ஒல்லியானது. முந்துவதற்காகப் பின் விங்கை மட்டும் திறக்கும் டி.ஆர்.எஸ். போய், முன் விங்கும் பின் விங்கும் நேர்ச்சாலையில் படுத்துத் திருப்பத்தில் நிமிரும் ஏற்பாடு வந்தது. நீண்டுகொண்டே போன கார் ஒருவழியாகச் சுருங்கியதே என்பது என் முதல் மகிழ்ச்சி. இதுவும் அளவு விகித மாற்றம்தான் என்பதால் பழகிவிடும் என்றே பந்தயம் கட்டுவேன்.

மாடல் வாங்க மட்டும் அவசரப்படாதீர்கள். விதி மாறும் ஆண்டில் முதலில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் அறிமுக மேடையில் நின்ற வடிவம், ஓடிய வடிவம் அல்ல. 2022-இல் ரெட் புல் மேடையேற்றியது தன் வண்ணம் பூசிய காட்சிக் காரைத்தான், டபிள்யூ13-இன் சைட்பாட் கதையை மேலே பார்த்தோம். பெட்டியில் எந்தப் பந்தயத்து வடிவம் என்று அச்சிட்டிருக்கும், அது இல்லாததை வாங்க வேண்டாம். 2026 மாடலென்றால் கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: விங் நிமிர்ந்த நிலையில் வார்த்திருக்கிறார்களா, படுத்த நிலையிலா. நிமிர்ந்ததை எடுங்கள்.